உப்புக் காற்றிலும் மங்காத நத்தார் மினுக்கம்

தங்கச்சிமாரே, நத்தார் மரத்துக்குக் கைவேலை அலங்காரம் சொல்லித்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்தேசத்து வீடுகளில் எடுத்தவை. அங்கே மாரியில் வீட்டுக்குள் சூடு போட்டிருப்பார்கள், காற்று உலர்ந்து கிடக்கும். ஒட்டின பசை உடனே காயும். பூசின பொன்நிறம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நமக்கு டிசம்பர் என்றால் அடைமழை. நம் கடலோர ஊரான பெரியநீலாவணையில் கொடியில் போட்ட துணியே இரண்டு நாளைக்குக் காயாது. காற்றில் உப்பு, சுவரில் ஈரம். வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்தால், கரோல் பாட வருகிறவர்கள் படலையைத் தட்டுகிற இரவில் உங்கள் நட்சத்திரம் கறுத்துச் சுருண்டு தொங்கும்.

அதனால் அழகான டிசைன் தேடுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை முடிவு செய்யுங்க. எந்த மினுக்கம் நம் காற்றைத் தாங்கும்? அதை எங்கே, எவ்வளவு வைப்பது? இது பிடிபட்டால் டிசைன் தன்னால் வரும்.

வெள்ளி நிறம் எதிலிருந்து?

ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரத்தில் 1600களின் தொடக்கத்திலேயே மரத்தில் தொங்கவிடும் மினுக்கு இழைகளை அசல் வெள்ளியைத் தட்டிச் செய்தார்களாம். வெள்ளி கறுத்துப்போகும், விலையும் அதிகம். பிறகு ஈயத்தில் செய்தார்கள். ஈயம் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1970களில் அதைக் கைவிட்டார்கள். இன்று கடையில் சரம்சரமாகத் தொங்குவது அலுமினியம் பூசின பிளாஸ்டிக். நமக்கும் அலுமினியம்தான் சரியான ஆள். அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று தானாகவே உருவாகி உள்ளே இருக்கிறதைக் காக்கும். செம்பும் பித்தளையும் அப்படியில்லை. உப்புக் காற்று பட்டால் முதலில் மங்கும், பிறகு கறுக்கும், கடைசியில் பச்சை பிடிக்கும்.

அலுமினியத்தைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. 400 கிராம் பால்மா பைக்கற்றின் உட்புறத்தைப் பாருங்க, வெள்ளி போல மின்னும். தேயிலைப் பைக்கற், பிஸ்கட் பைக்கற் சிலவற்றிலும் அதே தாள் இருக்கிறது. பைக்கற்றைப் பக்கவாட்டில் வெட்டி விரித்துச் சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்க. பால்மா வாசனை கொஞ்சம் மிஞ்சினாலும் எறும்பு தேடி வந்துவிடும். கழுவினதைத் துடைத்து, தடித்த புத்தகத்துக்குள் ஒரு இரவு வைத்தால் மடிப்பு நேராகிவிடும். இஸ்திரிப் பெட்டி வைக்காதீங்க, பிளாஸ்டிக் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். குசினியில் உணவு சுற்றும் அலுமினியத் தாளும் நல்லதுதான். ஒரு பக்கம் மினுக்கமாகவும் மறு பக்கம் மங்கலாகவும் இருக்கும் அல்லவா? கடைசிச் சுற்றில் இரண்டு தாளை ஒன்றாக வைத்து உருட்டுவதால் ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கலாகிறது. அந்த மங்கல் பக்கத்தை வீணாக்காதீங்க. மினுக்கப் பக்கத்தோடு பக்கத்தில் வைத்தால் பழைய வெள்ளிப் பாத்திரத்தின் நிறம் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிஸ்டல் போர்டில், இல்லையென்றால் பழைய கொப்பி மட்டையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு நட்சத்திரமோ மணியோ வெட்டுங்க. அதன் மேல் பைண்டர் கம்மால் கோலம் போடுவது போலக் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் தடித்த பருத்தி நூலை வைத்து ஒட்டுங்க. மாலை கட்டுகிற நூல் போதும். நூல் அசையாமல் முழுதாகக் காயட்டும். காய்ந்த பிறகு மட்டை முழுவதும் மெல்லிசாகக் கம் பூசி, லேசாகக் கசக்கி விரித்த அலுமினியத் தாளை மேலே போடுங்க. விரலால் அழுத்தாதீங்க, நகம் பட்டால் தாள் கிழியும். பஞ்சை உருட்டி வைத்து, நூலின் இரு பக்கமும் மெதுவாக அழுத்தி வாங்க. நூலின் வடிவம் அப்படியே மேலே எழும்பி வரும். ஓரத்தில் மிஞ்சின தாளைப் பின்பக்கம் மடித்து ஒட்டிவிடுங்க.

இப்போதுதான் முக்கியமான கட்டம். கறுப்புச் சப்பாத்துப் பொலிஷைத் துணியில் தொட்டு நட்சத்திரம் முழுவதும் பூசுங்க. கெட்டுப்போனது போலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் மேடான இடமெல்லாம் பளிச்சென்று வெளியே வரும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கடையில் வாங்கின பொருளா, கையால் செய்ததா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். எழுதி முடிந்த பேனையின் முனையால் தாளின் மேல் நேரடியாகவும் சித்திரம் கீறலாம். அதற்கு அடியில் நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாள் மெத்தையாக இருக்க வேண்டும், அலுமினியத் தாளையும் இரண்டு மூன்றாக மடித்து எடுக்க வேண்டும்.

இன்னொரு பாடமும் ஜெர்மனியிலிருந்துதான். லவுஷா என்ற சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியை ஊதி மர உருண்டைகள் செய்யத் தொடங்கினார்கள். வெள்ளி மினுக்கத்தை அவர்கள் வெளியே பூசவில்லை. உருண்டைக்கு உள்ளே கரைசலை ஊற்றிச் சுழற்றி, உட்சுவரில் படிய வைத்தார்கள். வெளிக்காற்று அதிகம் படாததால் மினுக்கம் நீடித்தது. நமக்குக் கண்ணாடி ஊதும் வேலை ஆகாது. ஆனால் அந்த யுக்தியை எடுத்துக்கொள்ளலாம். தெளிந்த தண்ணீர்ப் போத்தலின் வழுவழுப்பான நடுப்பகுதியை வெட்டி, இரண்டு வட்டம் எடுங்க. நடுவில் சரிகைத் துண்டோ மினுக்குத் தாளோ வைத்துச் சுற்றி விளிம்பை ஒட்டிவிடுங்க. காற்றும் விரலும் படாத மினுக்கம் வருடக்கணக்கில் நிற்கும்.

பொன்நிறத்தில் கவனம்

கடையில் பொன்நிற பெயின்ற் என்று விற்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, செம்பும் நாகமும் கலந்த தூள் போட்டது. பூசின அன்றைக்கு அசல் தங்கம் போல இருக்கும், நம் காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். மற்றது அபிரகம், அதாவது காக்காய்ப்பொன், அதன் துகள் மேல் நிறம் ஏற்றிச் செய்தது. முதல் நாள் அவ்வளவு கண்ணைப் பறிக்காது, ஆனால் கறுக்காது. கைவேலைக்கு விற்கும் அக்ரிலிக் பொன்நிறங்களில் பல இந்த இரண்டாவது வகை. தூளாக வாங்கிக் கலக்குகிறவர்கள் தண்ணீரில் கரையும் கம்மில் கலக்காதீங்க. அந்த ஈரமே செம்பைக் கெடுக்கும். வார்னிஷில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து பூசுங்க. ஸ்ப்ரே பெயின்ற் அடிப்பதென்றால் மழை விட்ட நல்ல வெயில் நாளில், வெளியே, காற்று முதுகுப் பக்கம் இருக்க நின்று அடியுங்க. ஈரக் காற்றில் அடித்தால் வெண்மை படர்ந்து மங்கிவிடும். பக்கத்தில் அடுப்போ நெருப்போ கூடவே கூடாது.

எந்தப் பொன்நிறமானாலும் முழுதாகப் பூசி மூடாதீங்க. இது என்னுடைய உறுதியான கருத்து. சிப்பி சிப்பியாகத் தெரிய வேண்டும், ஓலை ஓலையாகத் தெரிய வேண்டும். வெளிச்சம் எங்கே படுமோ அந்த விளிம்பில் மட்டும் பொன் இருந்தால் போதும். முழுக்கப் பூசினால் நல்ல பனையோலைக்கும் மலிவான பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

சவுக்கங்காய் இதற்கு மிகப் பொருத்தம். கடற்கரைச் சவுக்கு மரத்தடியில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கும், பொறுக்குகிற வேலை மட்டும்தான். இரண்டு மூன்று வெயிலில் காயவிட்டுத் தட்டினால் மணலும் விதையும் உதிரும். பிரஷில் பெயின்ற்றைத் தொட்டுப் பழைய துணியில் துடைத்துவிடுங்க, பிரஷ் ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும். அந்தப் பிரஷால் காயின் மேலே லேசாகத் தடவினால் திறந்த ஒவ்வொரு வாயின் ஓரத்திலும் பொன் ஒட்டிக்கொள்ளும், உள்ளே மண்ணிறம் அப்படியே இருக்கும். மூன்று காயைச் சேர்த்துச் சரிகை நூலால் கட்டுங்க. சிப்பி, சோகி பொறுக்குகிறவர்கள் உயிருள்ளதைத் தொடாதீங்க. வெறும் ஓட்டைச் சோடாத்தூள் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து வெயிலில் போட்டால் நாற்றம் போய்விடும்.

பனங்குருத்தோலையில் நட்சத்திரம் பின்னத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் நாலு நாடாவில் பின்னும் ஃபுறோபல் நட்சத்திரத்தைப் பழகலாம். பாலர் பாடசாலை முறையைத் தொடங்கிவைத்த ஃபிரெட்றிக் ஃபுறோபலின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நாடாவின் நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய 30 மடங்கு இருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் அகலமென்றால் 30 சென்ரிமீற்றர் நீளம். முதலில் கடதாசியில் கை பழகட்டும். ஓலையில் செய்யும்போது நாடாவை ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுத்தால் மடிப்பில் வெடிக்காது. பின்னி முடித்துக் காய்ந்த பிறகு முனைகளில் மட்டும் பொன்நிறம் தொட்டு வைக்கலாம்.

மருதமுனைச் சரிகை

நமக்குத் தெற்கே எல்லை தாண்டினால் மருதமுனை, சாரமும் சேலையும் நெய்கிற ஊர். தறி வைத்திருக்கிற ராத்தாமாரிடமும், தையல் கடைகளிலும், மிஞ்சின நூலும் கரைத்துண்டும் கேட்டுப் பாருங்க. குப்பைக்குப் போகிற துண்டு நமக்குப் பொக்கிஷம். வீட்டில் கிழிந்துபோன கூறைச்சேலையோ பட்டோ இருந்தால் அம்மாவிடம் கேட்டுவிட்டு அதன் கரையை எடுக்கலாம். கேட்காமல் எடுத்தால் நத்தார் நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரிகையிலும் வகை பார்க்க வேண்டும். ஒரு சாண் நூலைப் பிரித்து, தண்ணீர் ஊற்றின தட்டுக்கு மேலே பிடித்து, நுனியில் தீ வையுங்க. உருகிச் சின்ன உருண்டையாகச் சுருண்டால் அது மினுக்கம் ஏற்றின பொலியெஸ்டர். கறுக்காது, தாராளமாகப் பயன்படுத்தலாம். எரிந்த பிறகும் கம்பி போல ஏதாவது மிஞ்சினால் உள்ளே செம்போ வெள்ளியோ இருக்கிறது. அதை அலங்காரத்தில் வைத்த பிறகு மேலே நிறமில்லாத கியூடெக்ஸை மெல்லிசாகப் பூசினால் காற்று படாது. பழைய பட்டுச்சேலையில் அசல் வெள்ளிச் சரிகை வந்தால் வெட்டவே வேண்டாம், அதற்கு விலை இருக்கிறது.

பன்பாய் வீட்டில் கிழிந்து கிடந்தால் அதையும் எறியாதீங்க. சாயம் போட்ட பன் கீற்றுகளை வட்டமாகச் சுற்றி, விளிம்பில் சரிகை தைத்தால் சிவப்பும் பச்சையும் பொன்னுமாக நம் மண்ணின் நத்தார் உருண்டை. பாடசாலை ஒளிவிழாவுக்கு மேடை அலங்கரிக்கிற பிள்ளைகளும் இதைப் பெரிதாகச் செய்து பார்க்கலாம், மேடைக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

உப்பும் சீனியும் பனி ஆகாது

வீடியோவில் கம் பூசி உப்பைத் தூவினால் பனி போல இருக்கிறது. சீனியும் தூவுவார்கள். நம் ஊரில் இரண்டும் வேலைக்கு ஆகாது. உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்திலிருக்கிற உலோகத்தையும் சேர்த்து அரிக்கும். சீனிக்கு எறும்பு வரும். வெள்ளை முட்டை ஓட்டைக் கழுவி, உள்ளே இருக்கிற தோலை உரித்து, காயவைத்து நொறுக்குங்க. அதோடு மினுக்குத் தாளை மிகப் பொடியாகக் கத்தரித்துக் கலந்து தூவினால் பனியும் கிடைக்கும், மினுக்கமும் கிடைக்கும். கிளிற்றர் தூளை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. பெரும்பாலும் அது பொடிப் பிளாஸ்டிக். பாயில், தலையணையில், பலகாரத் தட்டில் எல்லாம் ஏறும். கூட்டித் தள்ளினால் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகும்.

மரத்தில் தொங்கவிடும்போது

நம் வீடுகளில் நத்தார் மரம் பெரும்பாலும் சவுக்குக் கொப்புத்தான். கரையோரத்து மரத்தை வெட்டாதீங்க. மண்ணையும் ஊரையும் காக்கிற மரம் அது. காற்றில் முறிந்து விழுந்த கொப்பு, வளவில் நிற்கிற மரத்தின் கிளை, இதுவே போதும். சவுக்கின் இலை ஊசியாகத் தொங்குவதால் கனமான எதுவும் வழுக்கி விழும். ஆகவே நாம் செய்கிற மட்டை, ஓலை, சவுக்கங்காய் எல்லாம் இதற்கென்றே பிறந்தவை. கொளுக்கியைத் தண்டோடு சேர்த்து மாட்டுங்க, ஊசி இலையில் மாட்டாதீங்க. சவுக்கு சாம்பல் கலந்த பச்சை. பகலில் அதில் வெள்ளி நிறம் எடுபடும், இரவில் மஞ்சள் வெளிச்சத்தில் பொன்நிறம் எடுபடும். வாசலுக்கு எதிரே தெரிகிற பக்கத்தில் வெள்ளியையும், பல்புக்குப் பக்கத்தில் பொன்னையும் வைத்தால் இரண்டு நேரமும் மரம் நிறைந்து தெரியும்.

இனிச் சொல்வதை வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லுங்க. அலுமினியத் தாளும் உலோகச் சரிகையும் மின்சாரத்தைக் கடத்தும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். மின்குமிழ் சரத்தில் எங்காவது வயர் உரிந்திருந்தால், அதில் நம்முடைய வெள்ளி நட்சத்திரம் பட்டால், ஈரச் சவுக்குக் கொப்பே ஆபத்தாகிவிடும். சரத்தை முதலில் மேசையில் விரித்து முழம் முழமாகப் பாருங்க. ஒட்டுநாடா சுற்றின பழைய இணைப்பு இருந்தால் அந்தச் சரம் வேண்டாம். விளக்கை மாட்டி எரியவிட்டுப் பார்த்து, அணைத்து, பிளக்கைக் கழற்றின பிறகுதான் உலோக அலங்காரத்தைத் தொங்கவிட வேண்டும். படுக்கப் போகும்போது பிளக் கழன்றிருக்க வேண்டும்.

ரின்மீன் விளக்குக்கூடு

மெழுகுதிரிக்கு ஒரு கூடு செய்து வையுங்க. 425 கிராம் ரின்மீன் டப்பாவைக் கழுவி, வெட்டின வாய் ஓரத்தைக் குறட்டால் உள்ளே மடித்து நசுக்குங்க. கை வெட்டாமல் இருக்க இது அவசியம். டப்பாவுக்குள் ஈர மணலை இறுக்கி நிரப்புங்க. மணல் இல்லாமல் ஆணி அடித்தால் தகரம் நெளிந்துபோகும். வெளியே கடதாசியில் நட்சத்திரமோ புறாவோ வரைந்து ஒட்டி, அந்தக் கோட்டின் மேல் விரல் அகலத்துக்கு ஒன்றாக ஆணியால் துளை போடுங்க. அடியிலும் இரண்டு மூன்று துளை போட்டால்தான் உள்ளே காற்று போகும். மணலைக் கொட்டிக் கழுவித் துடைத்து உள்ளே திரி வைத்தால் புள்ளிப் புள்ளியாகச் சுவரில் வெளிச்சம் விழும். தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடுத்த வருடத்துக்கும் வேண்டுமென்றால் நன்றாகக் காயவைத்து, உள்ளும் புறமும் எண்ணெய் தடவி எடுத்து வையுங்க. எரிகிற கூட்டைக் கடதாசி அலங்காரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டவும் கூடாது.

நத்தாரின் மறுநாள் நம் கரையில் எந்த நாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி பெரியநீலாவணையை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுதும் இரண்டு நிமிட மௌனம் இருக்கிறது. இதே விளக்குக்கூட்டை நத்தார் இரவுக்கு வாசலில் வைக்கலாம், மறுநாள் போனவர்களுக்காக ஏற்றுகிற திரிக்கும் வைக்கலாம். கடற்கரைக் காற்று அதை லேசில் அணைக்காது. அன்றைக்கு மரத்து மின்குமிழ்களை எரியவிடாமல் இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளோடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்க. ஓலையும் மட்டையும் ஒரு நாள் வெயில் கண்ட பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பிஸ்கட் ரின்தான் நல்ல பெட்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி வையுங்க. சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற சின்ன ஈரமுறிஞ்சிப் பைகளை எறியாமல் சேர்த்து உள்ளே போடுங்க. அது இல்லாவிட்டால் வறுத்து ஆறவிட்ட ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போடலாம். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்து அரிசியை மாற்றிவிடுங்க.

கடைசியாக ஒன்று. இந்த வேலைகளை டிசம்பருக்கு வைத்திருக்காதீங்க. மழை இறங்குமுன் ஒக்டோபர் வெயில் இருக்கும்போதே சவுக்கங்காயைக் காயவைத்து, ஓலையை வெட்டி, பைக்கற் தாளைக் கழுவி அடுக்கிவிடுங்க. பசையும் பெயின்ற்றும் அந்த வெயிலில்தான் சரியாகப் பிடிக்கும். டிசம்பரில் கட்டித் தொங்கவிடுகிற வேலை மட்டும் மிஞ்சட்டும்.